பாரிஸில் எட்டாண்டு: பெரெனிஸ் அபொற் அம்மையாரும் நியூயோர்க் நகரப் படங்களும்

நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் இருபதாம் நூற்றாண்டின் முற்கூற்றிலே பாரிஸ் மாநகரிற் குடியேறிய அந்நியக் கலைஞருக்குத் தனியோர் அதிகாரம் ஒதுக்குதல் வழக்கம். 1925இல் ஹங்கேரியிலிருந்து வந்த அந்திரே கேர்ற்றெஸ், 1924இல் வந்து தம் பிறந்த ஊராகிய பிராசோவின் பெயரையே புனைபெயராகக் கொண்ட பிராசாய் ஆகிய இருவரும் அவருள் முதன்மையானவர். பாரிஸின் வீதிகளும் பாலங்களும் இரவு விளக்குகளும் இவ்விருவர் படங்களால் உலகறிந்தவையாயின. புதிய நகரில் நெடுங்காலம் வாழ்தல் ஒரு படப்பிடிப்பாளரை எங்ஙனம் மாற்றுகிறதென்று இவர்களைக் கொண்டு நிறுவுவது எளிது. நகரமே படத்தினுள் வந்து நிற்கிறது.

அமெரிக்கரான பெரெனிஸ் அபொற் அம்மையாரைக் கொண்டு அதனை நிறுவுவது அத்துணை எளிதன்று. 1921 முதல் 1929 வரை, பேர்லினிற் கழித்த குறுகிய காலம் நீங்கலாக, அவர் பாரிஸிலேயே வாழ்ந்தார். கமராவைக் கையாளக் கற்றதும் அங்கேதான். கலைஞரெனப் பெயர்பெற்றதும் அங்கேதான். ஆயினும் அந்நகரின் தெருக்களை அவர் படம்பிடித்தது மிக அரிது. அவரது பாரிஸ் வாழ்வின் விளைவாக எஞ்சியவை பெரும்பாலும் மனித முகங்களே. அந்நகர் அவருக்கு யாது கற்பித்தது என்பதை அறிய விரும்புவோர் பாரிஸை விட்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1930களில் அவர் நியூயோர்க்கில் எடுத்த படங்களையே நோக்கவேண்டியவராவர். ஓரூரிற் பெற்ற கல்வி வேறோரூரிற் பயன்பட்ட இவ்வரலாறு, கலைவரலாற்றிற் செல்வாக்கு என்னும் சொல்லை எளிதாகக் கையாளுவோர் சற்று நின்று சிந்திக்கத் தக்கதாகும்.

அம்மையார் 1898ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி ஒகாயோ மாநிலத்துச் சிப்ரிங்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். இளமை இனிதாக அமையவில்லை. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தனர். ஒகாயோ மாநிலச் சர்வகலாசாலையிற் சிறிது காலம் பயின்று, பட்டம் பெறாமலே 1918இல் நியூயோர்க்குக்கு வந்தார். அங்கே கிரெனிச் விலேஜ் எனப்படும் பகுதியில் எழுத்தாளரும் நாடகத்தாரும் ஓவியரும் சூழ வறுமையோடு வாழ்ந்து, சிற்பம் பயிலத் தலைப்பட்டார். அக்காலத்திற் பரவிய கொடிய இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கு ஆளாகி மரணவாயில்வரை சென்று மீண்டார். மான் றே, மார்செல் துய்ஷாம் என்னும் கலைஞரை அவர் அறிந்ததும் இந்நகரிலேயே. ஆனால் நியூயோர்க்கை ஒரு நகரமாக அவர் அந்நாளில் நோக்கினார் என்பதற்குச் சான்றில்லை. அது அவருக்கு வாடகை கொடுக்க முடியாத ஓர் அறையாகவும், கைகூடாத ஒரு தொழிலாகவுமே இருந்தது. 1921இல், கையிற் சொற்பப் பணத்துடன், சிற்பக் கல்வியை நாடிப் பாரிஸுக்குக் கப்பலேறினார்.

முதலாம் உலகயுத்தத்தின் பின் பிராங்கு நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தமையால், டொலர் வைத்திருந்த அமெரிக்க இளைஞர் பலர் அந்நாளிற் பாரிஸை நாடினர் என்பது பலரும் அறிந்ததே. அம்மையாரிடம் டொலரும் அதிகமில்லை. சிற்பப் பள்ளியிற் பயின்றார். பேர்லினுக்குச் சென்று மீண்டார். பிழைப்புக்காகக் கிடைத்த வேலைகளைச் செய்தார். அவரது பெயரும் அங்கேதான் மாறிற்று. பெற்றோர் இட்ட பேர்ணிஸ் என்னும் பெயரினிடையே ஓரெழுத்தைக் கூட்டிப் பிரெஞ்சு முறைப்படி பெரெனிஸ் என எழுதலானார். சிறிய செய்தியேயாயினும், வந்த ஊரிலே வேறொருவராக வாழ அவர் துணிந்ததை அது காட்டுகிறது.

சிற்பக்கலை சோறிடவில்லை. 1923இல், நியூயோர்க்கில் முன்பே அறிமுகமான மான் றே தம் நிழற்படக்கூடத்துக்கு உதவியாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். நிழற்படத்தைப் பற்றி ஏதும் அறியாத ஒருவரே தமக்கு வேண்டுமென அவர் கூறினாராம். அறிந்தவர் தம் வழியிற் செல்வர், அறியாதவர் சொன்னபடி செய்வர் என்பது அவர் எண்ணம். அறியாமையே தகுதியாகக் கொள்ளப்பட்ட அவ்வேலையில் அம்மையார் அமர்ந்தார். இருட்டறையிற் படங்களைக் கழுவுவதும் அச்சிடுவதும் அவர் பணி. முன்பு களிமண்ணைப் பிசைந்து உருவின் மேடுபள்ளங்களை அறிந்த கை, ஒளியும் நிழலும் ஒரு முகத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை விரைவில் உணர்ந்துகொண்டது. மதிய வேளைகளில் தம் நண்பரைப் படம்பிடிக்க மான் றே அவருக்கு இடமளித்தார். நாளடைவில் அப்படங்களைத் தேடி வருவோர் தொகை பெருகவே, ஒரே கூடத்தில் இரு கலைஞர் இருத்தல் இயலாதாயிற்று. 1926இல் அம்மையார் நண்பரின் பணவுதவியோடு தனியாக ஒரு கூடம் அமைத்தார். அவ்வாண்டிலேயே அவரது முதற் கண்காட்சியும் நடைபெற்றது.

ஜேம்ஸ் ஜொய்ஸ், ஷான் கொக்தோ, அந்திரே ஷீட், புத்தகசாலை நடத்திய சில்வியா பீச் முதலியோரை அவர் எடுத்த படங்கள் இக்காலத்தன. மான் றேயின் படங்களோடு இவற்றை ஒப்பிடுவோர் ஒரு வேறுபாட்டைக் காண்பர். மான் றே தம் முன் இருந்தவரைத் தம் கற்பனைக்குரிய பொருளாக்கினார்; ஒளியைத் தலைகீழாக்குவதும் பொருள்களை நேரே தாளில் வைத்து நிழல்பதிப்பதும் அவர் கண்ட உத்திகள். அம்மையாரின் படங்களில் அத்தகைய வித்தை எதுவுமில்லை. இருப்பவர் இருந்தபடி இருக்கிறார். கண்ணிற் கட்டுப்போட்ட ஜொய்ஸின் களைப்பு, அலங்காரமின்றி அப்படியே பதிவாகியுள்ளது. எசமானின் கூடத்தில் மூன்றாண்டு கழித்தும் எசமானின் வழியை மாணவி பின்பற்றவில்லை என்பது கவனித்தற்குரியது. பின்னர் அவர் தேர்ந்த ஆசிரியரோ, அக்காலப் பாரிஸின் கலைக்கூட்டங்களில் எவரும் ஆசிரியராகக் கருதாத ஒருவர்.

மான் றேயின் கூடம் மொன்பார்னாஸ் பகுதியிற் கம்பாஞ் பிறெமியேர் என்னும் சிறு தெருவில் இருந்தது. அத்தெருவிலேயே சில வீடுகளுக்கு அப்பால், மேல்மாடியொன்றில், யூசேன் அற்ஜே என்னும் முதியவர் வாழ்ந்துவந்தார். அவர் கதவிலே, கலைஞர்க்கான ஆவணங்கள் இங்குக் கிடைக்கும் என்னும் பொருள்பட ஒரு பலகை தொங்கியது. 1857இல் போர்தோ நகருக்கு அண்மையிலுள்ள லிபூர்ன் என்னுமூரிற் பிறந்த அற்ஜே இளமையிலே பெற்றோரை இழந்தவர். கப்பலில் வேலை செய்தவர். பின்னர் ஊரூராகச் சென்ற நாடகக் குழுக்களிற் சிறு வேடங்கள் தாங்கியவர். நடிப்பிற் பெயர்பெறாது, ஏறக்குறைய முப்பதாம் வயதளவிற் கமராவைப் பற்றினார். ஓவியர், நாடகத்திரை வரைவோர், கட்டிடச் சிற்பிகள், இரும்புவேலை செய்வோர் ஆகியோருக்கு மாதிரியாகப் பயன்படக்கூடிய படங்களை எடுத்து விற்பதே அவர் தொழில்.

அத்தொழிலின் பின்னே ஒரு நகரத்தின் அழிவு நிற்கிறது. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், 1853 முதல் 1870 வரை, சேன் மாவட்டத்து அதிபராயிருந்த ஓஸ்மான் பிரபு பாரிஸின் பழந்தெருக்களை இடித்து அகன்ற நேர்வீதிகளை அமைத்தார். அதன்பின்னும் இடிப்பு ஓயவில்லை. நூற்றாண்டு முடிவில், எஞ்சியிருந்த பழம்பாரிஸைப் பேணவேண்டுமென்னும் உணர்ச்சி கற்றோரிடையே எழுந்தது. நூதனசாலைகளும் நூல்நிலையங்களும் பழைய இடங்களின் படங்களை வாங்கலாயின. அற்ஜே அவ்வேட்கையால் வாழ்ந்தார். விடியுமுன் எழுந்து, மரத்தாலான பெருங்கமராவையும், 18க்கு 24 சதமமீற்றர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளையும், முக்காலியையும் சுமந்து சென்று, மக்கள் நடமாட்டம் தொடங்குமுன் தெருக்களைப் பதிவுசெய்தார். கதவுகள், கதவிற் பதித்த இரும்புத் தட்டிகள், படிக்கட்டுகள், மதுச்சாலைகளின் பெயர்ப்பலகைகள், கடைவாயிலில் தொங்கும் சரக்குகள், கூடை விற்போர், குடை திருத்துவோர், நகரின் எல்லையிற் குப்பை பொறுக்கி வாழ்வோரின் குடிசைகள் எனத் தொடர்ந்து ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தகடுகள் சேர்ந்தன. தாளிற் பதிப்பதற்கும் வெய்யிலையே நம்பியிருந்தார். 1920இல், முதுமை நெருங்கவே, 2,600க்கு மேற்பட்ட தகடுகளைப் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு 10,000 பிராங்குக்கு விற்றார்.

புதுமை நாடிய இளங்கலைஞர் இம்முதியவரை ஒரு விநோதப் பொருளாகக் கண்டனர். மான் றே அவரிடம் படங்கள் சில வாங்கி, அவற்றுட் சிலவற்றை 1926இல் தம் நண்பர் நடத்திய சஞ்சிகையில் வெளியிட்டார். தம் பெயரை அதிற் போடவேண்டாம், இவை வெறும் ஆவணங்களே என்று அற்ஜே கூறியதாகச் சொல்வர். தன்னடக்கம் என்று இதனைப் பாராட்டுவோர் உளர். தம் தொழில் இன்னதென்பதை அவ்விளைஞரைவிட அவர் தெளிவாக அறிந்திருந்தார் என்று கொள்வதே பொருத்தமாகும்.

1925இல் மான் றேயின் கூடத்தில் அற்ஜேயின் படங்களை அபொற் அம்மையார் முதன்முதலாகக் கண்டார். அக்காட்சியால் தாம் அடைந்த அதிர்ச்சியைப் பிற்காலத்திற் பலமுறை அவர் குறிப்பிட்டுள்ளார். மேல்மாடி ஏறிச்சென்று முதியவரைக் கண்டு பழகினார். கையிற் பணம் சேர்ந்தபோதெல்லாம் படங்களை வாங்கினார். இங்கே ஒன்றை எண்ணிப்பார்த்தல் தகும். அம்மையார் அப்போது அந்நகரில் நாலாண்டு வாழ்ந்துவிட்டவர். நகருக்குப் புதியவராயிருந்திருப்பின், ஈபல் கோபுரமும் பெருவீதிகளும் இல்லாத அப்படங்களை விலைமதிப்பற்ற பழம்பொருள் என்றே தள்ளியிருத்தல் கூடும். அங்கேயே பிறந்தவராயிருந்திருப்பின், நாளும் கடந்துபோகும் வாயிற்படியைப் படத்திற் காண்பதில் வியப்பொன்றும் இருந்திராது. அத்தெருக்களில் நாலாண்டு நடந்தும் தாம் காணாது விட்டதை அவர் அத்தாள்களிற் கண்டார். நெடுநாள் தங்கிய அந்நியர் ஒருவர்க்கே இவ்வகை நாணமும் வியப்பும் ஒருங்கே தோன்றுதல் இயலும்.

1927இல் அற்ஜேயைத் தம் கூடத்துக்கு அழைத்துப் படம்பிடித்தார். ஒட்டுப்போட்ட வேலையுடையோடு அவரைக் காண விரும்பிய அம்மையாருக்கு ஓர் ஏமாற்றம். முதியவர் நல்ல மேலங்கி அணிந்து வந்துவிட்டார். துணைவியார் முந்திய ஆண்டு இறந்தபின் அவர் தளர்ந்திருந்தார். முன்னோக்கியும் பக்கவாட்டிலும் எடுத்த அப்படங்களிலே, சுமை தூக்கிக் கூனிய முதுகும், களைத்துப்போன கண்களும் தெரிகின்றன. படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அம்மையார் சென்றபோது கதவிலே பலகையைக் காணவில்லை. ஓகஸ்ட் 4ஆந் திகதி அற்ஜே காலமாகிவிட்டார்.

அவர் வீட்டில் எஞ்சிய தகடுகளும் படிகளும் யாது ஆகும் என்பதே அடுத்த கேள்வி. கண்ணாடித் தகட்டைப் பற்றி அறிந்தோர் இவ்வச்சத்தை உணர்வர். அது உடையும், ஈரத்திற் பழுதுபடும், மேற்பூச்சைச் சுரண்டிவிட்டால் வெறுங் கண்ணாடியாகப் பயன்படும். அக்காலத்திலே பழந்தகடுகள் பல அவ்வாறே அழிந்தன. அற்ஜேயின் நண்பரும் அவரது உடைமைக்குப் பொறுப்பாளருமான கல்மெத் என்னும் நாடகத்துறையாளரைத் தேடிப்பிடித்து, கடிதங்கள் எழுதி, பல மாதம் மன்றாடி, 1928இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட தகடுகளையும் சில ஆயிரம் படிகளையும் அம்மையார் விலைக்கு வாங்கினார். பிரெஞ்சு நாட்டுத் தாபனங்கள் ஒரு பகுதியை முன்பே வாங்கியிருந்தன. மீதியை வேண்டுமென்று கேட்டவர் வாடகை கொடுக்கச் சிரமப்பட்ட ஓர் அமெரிக்கப் பெண்மணியே.

தகடுகளை வாங்கியதோடு அவர் பணி முடியவில்லை. அவற்றைத் துடைத்து, வரிசைப்படுத்தி, எண்ணிட்டு, தாமே தாளிற் பதித்தார். ஓவியம் பயில்வோர் பேராசிரியர் சித்திரங்களைப் பார்த்தெழுதிப் பழகுவதுபோல, ஒருவர் பிடித்த தகட்டை இருட்டறையில் நூற்றுக்கணக்காகப் பதிப்பவர், அவர் கமராவை எங்கே நிறுத்தினார், எத்துணை உயரத்தில் நிறுத்தினார், எந்நேர ஒளிக்காகக் காத்திருந்தார் என்பவற்றைக் கையினாலேயே கற்கிறார். அம்மையாரின் பாரிஸ்க் கல்வியின் இறுதிப் பாடம் இதுவே. அதற்குள் அவர் புறப்படும் காலமும் வந்துவிட்டது.

1929இன் தொடக்கத்தில், அற்ஜேயின் படங்களை நூலாக வெளியிட அமெரிக்கப் பதிப்பாளர் ஒருவரைத் தேடி, சில வாரங்கள் தங்கும் எண்ணத்துடன் அவர் நியூயோர்க்குக்குச் சென்றார். எட்டாண்டுக்கு முன் விட்டுச்சென்ற ஊரை அங்கே அவர் காணவில்லை. பழைய செங்கல் வீடுகள் இடிந்துகொண்டிருந்தன. அவற்றின் தோளுக்கு மேலே உருக்குச் சட்டங்கள் எழுந்துகொண்டிருந்தன. கிறைஸ்லர் கட்டிடம் 1930இலும் எம்பயர் ஸ்ரேற் கட்டிடம் 1931இலும் முடிவுற்றன என்பதை நினைந்தால், அவர் வந்திறங்கிய நேரம் எத்தகையதென்பது புலப்படும். ஓஸ்மானுக்குப் பிந்திய பாரிஸில் அற்ஜே கண்ட நிலைமையே, பன்மடங்கு வேகத்தோடு, தம் சொந்த நாட்டில் நிகழ்வதை அவர் கண்டார். ஆனால் அங்கே முக்காலியோடு விடியலில் நடக்கும் முதியவர் எவரும் இல்லை. உடனே பாரிஸுக்கு மீண்டு, நன்கு நடந்துகொண்டிருந்த தம் கூடத்தை மூடி, தகடுகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு, அவ்வாண்டு செத்தெம்பரில் நியூயோர்க்கிற் குடியேறினார். அடுத்த மாதமே பங்குச்சந்தை சரிந்தது. உலோகாயதமாக நோக்கின் இதைவிடப் பிழையான வேளையைத் தெரிந்தெடுத்தல் அரிது.

முதலிற் கையடக்கமான ஒரு சிறு கமராவுடன் தெருத்தெருவாக அலைந்தார். அவ்வலைச்சலில் எடுத்த 250க்கு மேற்பட்ட சிறு படங்களை ஒட்டிய தொகுப்பேடு ஒன்று நியூயோர்க் மாநகரப் பெருங் கலைக்கூடத்தில் உள்ளது. அதனைப் புரட்டுவோர், பாடமொன்றைப் புதிய மொழியில் ஒப்பிக்க முயலும் மாணவியைக் காண்பர். கடைச் சாளரங்கள், தெருமுனைகள், உயர்ந்து செல்லும் புகைவண்டிப் பாதையின் கீழே வரிவரியாக விழும் வெய்யில் ஆகிய யாவும் அதில் உள. ஆனால் கோணங்கள் அவசரமானவை. சாய்ந்தும் சரிந்தும், அக்கால ஐரோப்பியப் புதுப்பாணியின் சாயலோடும் அமைந்தவை. சிறிது காலத்தின்பின் அவர் அவ்வழியை விட்டு, 8க்கு 10 அங்குலத் தகடு கொள்ளும் பெருங்கமராவுக்கு மாறினார். முன்பலகையை உயர்த்தியும் தாழ்த்தியும் கட்டிடங்களின் நெடுங்கோடுகள் சாயாமற் பிடிக்க அது இடந்தந்தது. பாரமான கருவி; மெதுவான வேலை; முக்காலி இன்றி இயலாதது. அற்ஜேயின் வழிக்கு அவர் வந்துசேர்ந்தது இம்மாற்றத்திலேதான் என்று கூறுதல் பொருந்தும்.

பணத்துக்காகச் சஞ்சிகைகளுக்கு வணிகப் பிரமுகரைப் படம்பிடித்தார். பின்னர் ஒரு கல்லூரியிற் கற்பித்தார். வாரத்தில் ஒரு நாளை, புதன்கிழமையை, நகருக்கென ஒதுக்கினார். தம் முயற்சிக்கு ஆதரவு கேட்டுத் தாபனங்களுக்கும் செல்வர்க்கும் விண்ணப்பித்துப் பலமுறை வெறுங்கையோடு மீண்டார். 1935இலேதான், தொழிலற்ற கலைஞர்க்கு வேலை வழங்குவதற்காக அமெரிக்க அரசாங்கம் தொடங்கிய கலைத்திட்டம் அவரை ஏற்று, உதவியாளரையும் அளித்தது. மாறும் நியூயோர்க் என்பது அப்பணிக்கு இட்ட பெயர். 1939 வரையில் 300க்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டு, நியூயோர்க் நகர நூதனசாலையிற் சேர்க்கப்பட்டன.

அப்படங்களுட் சிலவற்றை நோக்குமிடத்துப் பாரிஸின் பாடம் வெளிப்படையாகத் தெரிகிறது. 1937 பெப்ரவரியில் பிளீக்கர் தெருவில் எடுத்த பாண்கடைப் படத்திலே, சாளரம் நிறைய அடுக்கிய பாண்களும், கண்ணாடியிற் பொறித்த எழுத்துக்களும், வாயிலில் உட்குழிந்த இருளும் உள. 1938 சனவரியில் பவெரி வீதியிற் பிடித்த இரும்புச்சாமான் கடைப் படத்திலே, விலைச்சீட்டுகளோடு கடைமுகப்பை மறைத்துத் தொங்கும் சரக்குகளே கட்டிடமாகிவிட்டன. 1912இல் அற்ஜே பிடித்த கச்சுக் கடையையும் அவரது பழைய சரக்குக் கடைகளையும் அறிந்தவர் இவற்றை உடனே இனங்காண்பர். மனிதர் இல்லை, அல்லது ஓரத்தில் நிற்கின்றனர். அவர் வைத்துச்சென்ற பொருள்களே அவரைப் பற்றிப் பேசுகின்றன.

குறிப்பெழுதிய முறையிலும் இத்தொடர்பு உண்டு. எந்தத் தெரு, எத்தனையாம் இலக்கம், எந்த நாள் என்பன ஒவ்வொரு படத்துக்கும் தவறாது பதியப்பட்டன. இது கணக்கப்பிள்ளையின் வேலையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்விலக்கங்களின் பயன் அறுபதாண்டு கழித்து விளங்கிற்று. 1997 முதற் சில ஆண்டுகளாக, டக்ளஸ் லெவெர் என்னும் படப்பிடிப்பாளர் அதே இடங்களில், அதே வகைக் கமராவோடு, அதே பருவத்தின் அதே நேரத்தில் நின்று மீண்டும் படம்பிடித்தார். எங்கே நிற்கவேண்டுமென்பதை அம்மையாரின் குறிப்புகள் அவருக்குக் கூறின.

இனி, இவற்றைக் கண்டு அபொற் அம்மையார் அற்ஜேயை நியூயோர்க்கிற் பிரதிசெய்தார் என்போர் கூற்றும் நோக்கத்தக்கது. அவர் காலத்திலேயே அவ்வாறு சொன்னவர் இருந்தனர். அது மேலோட்டமான மதிப்பீடாகும். அற்ஜேயின் பாரிஸ் ஓய்ந்த நகரம். விடியலின் மெல்லிய மூடுபனி அதன் மீது படிந்திருக்கிறது. அழிவு பெரும்பாலும் படத்துக்கு வெளியே நிகழ்கிறது. அம்மையாரின் நியூயோர்க்கில் அழிவதும் எழுவதும் ஒரே சட்டத்துள் மோதிக்கொள்கின்றன. 1936இல் பைக் தெருவும் ஹென்றி தெருவும் கூடுமிடத்தில் எடுத்த படத்திலே, இருபுறமும் அழுக்கேறிய குடியிருப்புகள் நிற்க, தெருவின் முடிவில் மன்ஹற்றன் பாலத்தின் கோபுரம் வெண்மையாக எழுகிறது. 1937இல் ரைம்ஸ் சதுக்கத்திற் பிடித்த படத்திலே, திறந்துவைக்கப்படாத பாதிரியார் ஒருவரின் சிலை துணியாற் சுற்றிக் கட்டப்பட்டு நிற்க, சுற்றிலும் விளம்பரப் பலகைகள் கூச்சலிடுகின்றன. இத்தகைய நகைச்சுவை முதியவரிடம் இல்லை.

உயரத்தை எடுத்துக்கொண்டாலும் இவ்வேறுபாடு புலனாகும். அற்ஜே தரையில் நின்ற மனிதர். அம்மையாரோ வானளாவிய கட்டிடங்களின் உச்சியிலிருந்து கீழே நோக்கினார். அவரது மிகப் பெயர்போன படம், 1930களின் முற்பகுதியில், நியூயோர்க்கின் இராக்காட்சியைக் காட்டுவது. அதற்கு ஏறக்குறைய 15 நிமிடம் கமராவைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் கட்டிடம் காற்றில் அசையலாகாது. அலுவலகங்களின் விளக்குகளோ மாலை ஐந்து மணிக்குமேல் அணையத் தொடங்கிவிடும். ஆகவே ஐந்து மணிக்குமுன் இருள் சூழும் நாளொன்று வேண்டும். ஆண்டின் மிகக் குறுகிய பகலையுடைய திசெம்பர்ப் பிற்பகுதியே அதற்கு உகந்ததெனக் கணக்கிட்டு, அந்நாளைக் காத்திருந்து எடுத்தார். அப்படத்தின் எச்சிறு பகுதியும் அற்ஜேயின் பகுதியன்று. அதற்காகக் காத்திருந்த பொறுமை அவருடையதாகலாம்.

அம்மையாரின் இழப்பையும் இங்கே குறித்தல் வேண்டும். 1939இல், நியூயோர்க்கில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியையொட்டி, 97 படங்களோடு மாறும் நியூயோர்க் நூலாக வெளிவந்தது. கலைவிமர்சகரும் அம்மையாரின் வாழ்க்கைத் துணைவருமான எலிசபெத் மக்கோஸ்லண்ட் படங்களுக்கெனச் சிந்தனை நிறைந்த உரைகளை எழுதியிருந்தார். பதிப்பாளர் அவற்றைச் சுருக்கியும் மாற்றியும், பொருட்காட்சி காண வருவோருக்கு வழிகாட்டி நூல்போல ஆக்கிவிட்டனர். படங்களின் வரிசையும் ஆசிரியர் இருவர் எண்ணியபடி அமையவில்லை. ஆவணம் என்னும் சொல்லை அற்ஜே தம் கதவில் தொங்கவிட்டபோது அதன் பொருளை அவரே தீர்மானித்தார். அம்மையாரின் ஆவணங்களுக்குப் பொருள் தீர்மானித்தவர் வேறு பிறர். அவ்வாண்டிலேயே அரசாங்கத் திட்டத்திலிருந்தும் அவர் விலகினார்.

இக்காலத்தை அடுத்துள்ள வேறொரு செயலும் பாரிஸை நினைவூட்டுவது. ஆலைகளிற் சிறுவர் படும் துன்பத்தை நூற்றாண்டுத் தொடக்கத்திற் படம்பிடித்த லூயி ஹைன் என்பார், முதுமையில் மறக்கப்பட்டு வறுமையில் வாழ்ந்தார். 1938 அளவில் அபொற், மக்கோஸ்லண்ட் இருவரும் அவரைத் தேடிச் சென்று, அடுத்த ஆண்டில் அவர் படங்களின் கண்காட்சி ஒன்று நிகழ உதவினர். மேல்மாடியில் வாழ்ந்த ஒரு முதியவரைப் பத்தாண்டுக்கு முன் அறிந்திராதவர், இரண்டாம் முதியவரைத் தேடியிருப்பாரா என்பது ஐயமே.

பின்னாளில் அம்மையார் பௌதிகவியல் நிகழ்ச்சிகளைப் படம்பிடிப்பதில் ஈடுபட்டு, 1958 முதல் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கல்லூரியைச் சார்ந்த குழுவொன்றிற் பாடநூல்களுக்கெனப் பணியாற்றினார். துள்ளும் பந்தின் பாதையையும் நீரலைகளின் வடிவையும் காட்டும் அப்படங்கள் தனியாராய்ச்சிக்குரியன. எனினும் அற்ஜேயின் பெட்டிகள் அவரை விட்டு நீங்கவில்லை. 1930இல் அற்ஜேயைப் பற்றிய முதல் நூல் வெளிவர உழைத்தார். அவ்வாண்டளவில், பணமுடையால், சேகரிப்பிற் பாதிப் பங்கை ஜூலியன் லீவி என்னும் கலைப்பொருள் வணிகருக்குக் கொடுக்க நேர்ந்தது. 1956இல் தகடுகளிலிருந்து இருபது படங்களைத் தம் கையாற் பதித்துத் தொகுதியாக்கினார். 1964இல் மற்றொரு நூலை வெளியிட்டார். வாங்குவோர் மிகச் சிலரே. தம் சொந்தப் படங்களுக்குச் செலவிட்டிருக்கக்கூடிய நாட்களும் பணமும் அப்பெட்டிகளுக்குச் சென்றன என்று வருந்திய நண்பர் இருந்தனர். அவ்வருத்தம் நியாயமற்றதன்று. நியூயோர்க்கின் படங்களை ஆராய்பவர்க்கோ இவ்விரு பணிகளையும் பிரித்துக் கணக்கிடுதல் எளிதாயில்லை.

அம்மையார் படம்பிடித்த நியூயோர்க்கிற் பெரும்பகுதி அவர் கண்முன்னே மறைந்தது. மன்ஹற்றனில் வெய்யிலை வரிவரியாகச் சிந்திய உயர்பாதைகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு, மூன்றாம் அவெனியூப் பாதை 1955இல் மூடப்பட்டது. இரும்பும் கண்ணாடியுமாக அவர் பதிவுசெய்த பென்சில்வேனியாப் புகைவண்டி நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினர். அவ்விடிப்பினால் எழுந்த கண்டனமே, 1965இல் நகரின் பழங்கட்டிடங்களைக் காக்கும் ஆணைக்குழு அமைவதற்கு ஒரு காரணமாயிற்று. பாரிஸில் அத்தகைய குழுவொன்று பழைய நகரை ஆராயத் தொடங்கியது அற்ஜே தெருக்களிற் சுமை தூக்கத் தொடங்கிய காலத்தையொட்டியேயாகும்.

1968இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை அற்ஜேயின் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகளும் சில ஆயிரம் படிகளும் அம்மையாரின் கையிலிருந்து சென்றன. அவற்றைப் பாரிஸில் வாங்கி நாற்பதாண்டாகியிருந்தது. அம்மையார்க்கு அப்போது வயது எழுபது. அதற்குள் அவர் நியூயோர்க்கை விட்டு, மேயின் மாநிலத்துக் காடுகளுக்கிடையே வீடமைத்துக் குடியேறியிருந்தார்.